ஆயிரத்துக்கு எம்புட்டு

நேற்றுப் பத்திரிகையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். நம் தேசத்தின் பிறப்பு விகிதம் இத்தனை வருஷமாக எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று காட்டுகிற கோடு. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எங்கும் அறுந்து போகாமல், ஒரு பிசிறு இல்லாமல் ஓடியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அந்த இடது ஓரம் எனக்குத் தெரிந்த இடம். இருபதுகளும் முப்பதுகளும் நாற்பதுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு ஊர் அளவுக்கு அதில் என் கையெழுத்தும் கலந்திருக்கிறது. அத்தனை வழவழப்பாக அது ஓடியிருக்க நியாயமே இல்லை. மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்களுக்கு எதைக் காட்டினாலும் ஒரு குறை" என்று சொல்லிவிட்டு அவன் விளையாட்டுச் செய்திப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டான். இந்த வீட்டில் மொத்தம் ஆறு பேர். ஒருவருக்கும் ஒரு எண்ணின் மேல் சந்தேகம் வருவதில்லை.

அவர் இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார். "கீழ என்ன போட்டிருக்கான்?"

மதுரையில் பிறப்பு இறப்பு எழுதுகிற ஆபீஸ் ஒன்றில் அவர் தலைமைக் குமாஸ்தா. நான் அடுத்த மேஜை. வயதில் என்னைவிட மூன்று நான்கு வருஷம் மூத்தவர், அவ்வளவுதான். உறவு கிடையாது. ஆனாலும் என்னை மாப்ள என்பார், நான் அண்ணே என்பேன். உயரம். ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பித்தளைப் பிடி போட்ட குடை ஒன்று வைத்திருந்தார். மழைக்குத் தவிர வேறு எதற்கும் அதை விரிக்க மாட்டார். மதுரையில் மழைக்காக மட்டும் குடை வைத்திருப்பவர் அதை வருஷம் முழுவதும் சும்மா சுமக்க வேண்டியதுதான். சுமந்தார்.

ஆபீஸில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேர் "ஆயிரத்துக்கு". எதைச் சொன்னாலும் "ஆயிரத்துக்கு எம்புட்டு?" என்று கேட்பார். தெருவில் நாய் கடிக்கிறது என்றால், "ஆயிரத்துக்கு எம்புட்டு நாயி கடிக்குது?" பக்கத்து ஆபீஸ்காரர் லஞ்சம் வாங்குகிறார் என்றால், "ஆயிரம் குமாஸ்தாவுக்கு எம்புட்டுப் பேரு வாங்காதவன்?" ஒரு நாள் காப்பி கிளப்பில் என் இட்லியில் முடி கிடந்தது. நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு இட்லிய வச்சுக் கத்தாத மாப்ள. ஆயிரம் இட்லிக்கு எம்புட்டு முடின்னு பாக்கணும்."

கிளப்புக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாமி, தெனம் நாலு இட்லி சாப்புடுறீக. ஆயிரம் சாப்புட எம்புட்டு நாளாகும்?"

"எட்டு மாசத்துக்கு மேல ஆகும்."

"அதுவரைக்கும் ரெண்டு பேரும் சத்தம் காட்டாம இருங்க."

அவர் சிரிக்கவில்லை. நியாயமான பதில்தான் என்பது போலத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

பிறப்பு விகிதம் என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு வருஷத்தில் பிறந்த பிள்ளைகளை மேலே போட வேண்டும். ஊரிலுள்ள ஜனங்களைக் கீழே போட வேண்டும். வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது. மேலே உள்ளது எங்கள் கையில் இருந்தது. கீழே உள்ளது சர்க்கார் கையில். சர்க்கார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் தலைகளை எண்ணும். நடுவில் ஊர் எவ்வளவு பெருத்தாலும் பழைய தலைகளை வைத்துத்தான் நாங்கள் வகுக்க வேண்டும். மில்லுகள் வந்தன. சுற்று வட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். இங்கே பிள்ளை பெற்றார்கள். பிள்ளை மேலே ஏறியது; பெற்றவர்கள் கீழே ஏறவில்லை. அதனால் விகிதம் வருஷா வருஷம் உயரும். பத்தாம் வருஷம் புது எண்ணிக்கை வந்ததும் தடாலென்று விழும். ஊரே கூடிப் பேசிப் பிள்ளை பெறுவதை நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும்.

சுகாதார அதிகாரி ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கவலைப்படுவார். "இந்த வருஷமும் ஏறியிருக்கே! ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லையா?"

"பையன் பருத்துட்டான், பட்டன் தெறிக்குதுங்கிறீங்க. சட்டை எப்பத் தச்சதுன்னு பாக்கணும்ல சார்" என்பார் இவர்.

அதிகாரிக்குப் புரியாது. இவர் விளக்கவும் மாட்டார். சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது.

அது மட்டுமா. மேலூர் ரோட்டில் பஸ் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் மதுரையில் பிறப்பு கூடியது. ஒத்தக்கடைப் பக்கத்துப் பெண்கள் வலி எடுப்பதற்கு முன்பே பஸ் ஏறி இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிள்ளை எங்கள் கணக்கு, தாய் அவர்கள் ஊர்க் கணக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனார்கள். தாய் எங்கள் கணக்கு, பிள்ளை எந்த ஊர் மணியக்காரர் வீட்டு மேஜையிலோ. சில பிள்ளைகளுக்கு இரண்டு ஊரிலும் பேர் ஏறும், சில பிள்ளைகளுக்கு எங்கேயும் ஏறாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு கோடு போட வேண்டும். அலமாரிக் கதவின் உள்பக்கம் கட்டம் போட்ட காகிதம் ஒட்டி, சிவப்பு மையில் அவர் ஒரு கோடு போட்டு வந்தார். நேற்றுப் பார்த்தேனே, அப்படி இல்லை. அது நொண்டி நொண்டி நடந்தது. "இந்தக் கோட்ட நம்பாத மாப்ள" என்பார், வருஷா வருஷம் அதில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே. "நாப்பத்தொண்ணு வரட்டும். புதுத் தலை வரட்டும். ரெண்டு பக்கமும் தெரிஞ்சா நடுவுல உள்ளத நேர் பண்ணிரலாம்."

எல்லாவற்றுக்கும் அந்த "வரட்டும்"தான். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதுகூட அவர் இவ்வளவு எதிர்பார்ப்போடு ஒரு நாளைச் சொன்னதில்லை.

பிள்ளை பிறந்தால் ஒரு வாரத்துக்குள் வந்து சொல்ல வேண்டும் என்பது சட்டம். யாரும் வர மாட்டார்கள். நாங்கள் தெருத் தெருவாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்பதில்தான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் "உனக்கு எத்தனை பிள்ளை?" என்று கேட்டால் எந்தத் தாயும் பதில் சொல்ல மாட்டாள். எண்ணினால் கண்பட்டுவிடும். நான்கு இருந்தால் மூன்று என்பாள். சிலர், "ஏதோ இருக்குக" என்பார்கள். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் "எத்தனை?" என்றுதான் கேட்பார். வேறு மாதிரி கேட்டால் வேறு மாதிரி பதில் வரும், போன வருஷக் கணக்கோடு ஒட்டாது என்பது அவர் கட்சி. பிடிவாதம். நானாயிருந்தால் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டு விரல் விட்டிருப்பேன்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீடு தொப்பி தைக்கிற ராவுத்தர் வீடு. பழைய ஊரில் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு வீடுகள். அந்த வீட்டில் ஒரு பேரப்பிள்ளை பிறந்து, அழுகைச் சத்தம் இவர் வீட்டுக்கே கேட்டது. ஒரு வாரம் ஆயிற்று. யாரும் வந்து சொல்லவில்லை. இவர் போய்க் கேட்டிருக்கிறார். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ராவுத்தரம்மா சொன்னாளாம்: "அல்லா குடுத்தது இருக்கு தம்பி. எண்ணிப் பாத்தா குடுத்தவனுக்குக் கோவம் வராதா?"

இவர் நோட்டீஸ் அனுப்பினார். கோர்ட்டில் ராவுத்தருக்குத் தெண்டம் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரர் என்று நான் தடுத்துப் பார்த்தேன். "அடுத்த வீட்ட விட்டுட்டு அடுத்த தெருவுல போயிக் கேட்டா, அவன் சும்மா இருப்பானா?" என்றார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. வேறு மாதிரி பழி வாங்கினாள். இவர் காலையில் குடையோடு இறங்குகிற நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் குரல் வரும். "தம்பி, ராத்திரி ஒண்ணு பெறந்திருக்கு. எழுதிக்கிருங்க. பெறகு தெண்டம் போட்டுறாதீக."

இவர் நின்று, பையிலிருந்து பென்சிலை எடுப்பார். "ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. வெள்ளாட்டுக்குட்டி."

தெருவே சிரிக்கும். அடுத்த தடவையும் நிற்பார். அடுத்த தடவையும் பென்சிலை எடுப்பார். "நெசமாவே ஒண்ணு பெறந்திருந்துச்சுன்னா?" என்று என்னைக் கேட்டார்.

அவருக்கு ஒரே மகள். திருவாதவூரில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பிள்ளைக்கு மகள் இங்கே வந்தாள். ஆண். மறுநாளே அவர் ஆபீஸ் வந்து முதல் வேலையாகத் தன் கையால் எழுதினார். எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். "சட்டப்படி மொத நாளே வந்து சொன்ன மொத ஆளு நாந்தான்" என்று பெருமையடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை தவழவில்லை. வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இறப்புப் புத்தகத்தையும் அவரே எடுத்தார். "நான் எழுதுறேண்ணே" என்றேன். "இருக்கட்டும் மாப்ள. பொறந்தத எழுதின கையி" என்றார்.

இரண்டாவதும் இங்கேதான். பெண். அதையும் அவரே எழுதினார், இந்தத் தடவை கற்கண்டு இல்லாமல். அதுவும் போயிற்று. அதையும் அவரே எழுதினார்.

ஆயிரம் பிள்ளை பிறந்தால் வருஷம் திரும்புவதற்குள் எத்தனை சாகிறது என்று ஒரு விகிதம் உண்டு. முன்பெல்லாம் அதை இட்லிக் கணக்கைச் சொல்வது போலத்தான் அவரும் சொல்வார், நானும் சொல்வேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அந்த ஒரு விகிதத்தை மட்டும் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். "இத நீ பாத்துக்க மாப்ள. எனக்கு வகுத்தல் தப்புது" என்றார். அவருக்கு வகுத்தல் தப்பியதே இல்லை. நான் போட்டுக் கொடுத்தால் வாங்கி, படிக்காமல், கையெழுத்து மட்டும் போடுவார்.

மூன்றாவதாக மகள் உண்டாகியிருந்தபோது வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. நல்லபடியாகப் பிறந்தது. பெண். விசாரிக்க நான் போயிருந்தேன். அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி கூடத்தில் சுளகில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். இவர் குடையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்றார்.

"நில்லுங்க" என்றாள் மதினி. சுளகைக் கீழே வைத்தாள். "இத எழுதாதீக."

"என்ன பேசுற?"

"நீங்க எழுதின ரெண்டும் போச்சு."

நான் நடுவில் புகுந்தேன். "மதினி, அண்ணன் எழுத வேணாம். நான் எழுதுறேன்."

"யாரு எழுதினா என்ன தம்பி? புஸ்தகம் ஒண்ணுதான? அதுல ஏறினா இன்னொரு புஸ்தகத்துலயும் ஏறுது. ஊருல அம்புட்டுப் பேரும் ஒளிச்சு வச்சுப் பொழைக்கிறாக. இவுகளுக்குத்தான் மொத நாளே போயிச் சொல்லணும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் அவர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

உள் அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, எனக்கு இது ஒண்ணாவது வேணும்ப்பா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் கூட நடந்தேன். ஆபீஸில் பிறப்புப் புத்தகத்தை விரித்தார், வேறு பிள்ளைகளை எழுதினார், மூடினார். மறுநாளும் அப்படியே. வாரம் முடிந்தது. அடுத்த வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பிய மனுஷர். நான் கேட்கவில்லை. அவர் முகம் கேட்கிற மாதிரி இல்லை. சாயங்காலம் நகத்தைக் கடித்தபடி அலமாரிக் கதவைத் திறந்து அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை விட்டுப்போனால் அந்தக் கோட்டில் மயிரிழைகூட அசையாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் மதினி தன் வேலையை முடித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறு ஒருத்தி ஒரு சுளகுத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று முதல் பிள்ளை அவளுடையது. பெற்றவள் அவளுக்காக வளர்த்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். பெற்றவள் தன் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. மதினி தேர்ந்தெடுத்தது ராவுத்தரம்மாவை. தன் வீட்டில் புடைத்த தவிட்டையே அவள் கையில் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாளாம். "பிள்ளையத் தூக்கிட்டுப் போக நம்ம வீடு தெரிஞ்சு வர்றவனுக்கு அவுக வாசல் தெரியாதுல்ல தம்பி" என்று பிறகு எனக்கு விளக்கினாள்.

ராவுத்தரம்மா பிள்ளையை வாங்கித் தன் வாசல்படி தாண்டி உள்ளே கொண்டு போய், காதில் ஏதோ ஓதி, திரும்பக் கொண்டு வந்து கொடுத்தாளாம். "இந்தாங்க, எம்பிள்ளைய நல்லபடியா வளத்துக் குடுங்க. எளைச்சுச்சுன்னா சும்மா விட மாட்டேன்."

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் அம்மைப்பால் குத்துகிறவர் வந்தார். புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அம்மை குத்தப் போகிற இடத்தில், எங்கள் புத்தகத்தில் ஏறாத பிள்ளை கண்ணில் பட்டால் எழுதிக் கொண்டுவந்து தர வேண்டியது அவர் வேலை. ஒரு சீட்டை இவர் மேஜையில் வைத்தார்.

இவர் படித்தார். மறுபடியும் படித்தார். என்னிடம் நீட்டினார். இவருடைய தெரு, அடுத்த வீட்டுக் கதவிலக்கம். பெண் பிள்ளை. தகப்பன், தொப்பி தைக்கும் ராவுத்தர்.

"ராவுத்தருக்கு வயசு என்னய்யா?" என்றேன் நான்.

"அறுவது இருக்கும்" என்றார் அம்மை குத்துகிறவர். "எனக்கும் சந்தேகந்தாங்க. அந்தம்மா இடுப்புல வச்சிருந்துச்சு. யாரு பிள்ளைன்னு கேட்டேன். ‘எம்பிள்ளதான், என்ன சந்தேகம்?’னு என்னைய ஏசுது. ராவுத்தரக் கேட்டா, ‘அவ சொன்னா சரிதான்’ங்கிறாரு. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது? நீங்க அடுத்த வீடுதான, ஒங்களுக்குத் தெரியாதா?"

அது யார் பிள்ளை என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அம்மை குத்துகிறவர் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "சீட்டுல இத அடிச்சிரலாமாண்ணே?"

தப்பான ஒரு எழுத்தை விடாத மனுஷர் அவர். ஒரு தகப்பன் பேரில் ஒற்று விட்டுப்போனதற்கு ஒரு பக்கத்தையே திருப்பி எழுதச் சொன்னவர். ரொம்ப நேரம் சீட்டையே பார்த்தார்.

"மேல ஒண்ணு கூடுதுல்ல?"

"கூடுதுண்ணே."

"பொறந்தது ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"அப்ப விகிதம் சரிதான்." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நீ எழுது மாப்ள."

நான் எழுதினேன். இந்துக்களில் ஒன்று குறைந்து முஸ்லிம்களில் ஒன்று கூடியது. அந்த வருஷத்துக் கூட்டுத்தொகையில் ஒன்றும் குறையவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குப்பொடி போட்டார். கண்ணைத் துடைத்தார். பொடி போட்டால் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

மறுநாள் காலை அவர் குடையோடு இறங்கியபோது திரைக்குப் பின்னால் குரல் வந்ததாம். "தம்பி, இந்தத் தடவை நாங்களே சொல்லிட்டோம். தெண்டம் கெடையாதுல்ல?"

"கெடையாதும்மா" என்றாராம்.

பிள்ளைக்குத் தவிட்டம்மா என்று பேர் விட்டார்கள். இந்த ஒன்று உட்கார்ந்தது, தவழ்ந்தது, நடந்தது. வாங்கிய வீட்டுக்குப் பக்கத்திலேயே வளர வேண்டும் என்று மதினி பிடிவாதம் பிடித்ததால் மகளும் பிள்ளையும் இங்கேயே தங்கிவிட்டார்கள். மருமகன் திருவாதவூரிலிருந்து அரிசி மூட்டையோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல், "ராவுத்தர் வீட்டுப் பிள்ளை நல்லாருக்கா?" என்று கேட்பார். எல்லாரும் சுத்தமாக அந்தப் பொய்யைக் காப்பாற்றினார்கள். அவர் மட்டும் பிள்ளையை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏய்" என்பார். அது ஓடி வந்து குடைப்பிடியில் தொங்கும்.

ஒரு வழியாக அந்த நாற்பத்தொன்று வந்தது. ஜனத்தொகை எடுக்க ஆபீஸ் குமாஸ்தாக்களையும் வாத்தியார்களையும் அனுப்பினார்கள். அவருடைய தெரு எனக்கு வந்தது. இந்தத் தடவை கேள்விகளில் ஒன்று புதிது. கல்யாணமான பெண்களிடம், பிறந்த பிள்ளை எத்தனை, இருக்கிற பிள்ளை எத்தனை என்று கேட்க வேண்டும். அதைப் படித்த அன்று அவர் ஆபீஸில் உட்காரவே இல்லை.

"இதத்தான் மாப்ள நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு பொம்பளையும் தன் வாயால சொல்லப்போறா. புஸ்தகத்துல விட்டுப்போனது அம்புட்டும் இதுல வந்துரும். அதுக்கும் இதுக்கும் ஒத்துப் பாத்தா, நாம ஆயிரத்துக்கு எம்புட்டத் தவற விட்டோம்னு தெரிஞ்சுபோகும். கோட்ட நேர் பண்ணிரலாம்." பிறகு என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: "எத்தனைன்னு தெளிவாக் கேளு. முழுங்கினா விடாத. போனதையும் சேத்துக் கேளு. ஒரு வீட்ல தப்புனா எல்லாம் தப்பு."

அவர் வீட்டுக்கு நான் காலையில் போனேன். அவர் ஆபீஸுக்குப் புறப்படாமல் மடியில் குடையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதினியைக் கேட்டு எழுதினேன். மகள் கதவோரம் வந்து நின்றாள். பிள்ளை வெல்லக்கட்டியை நக்கிக்கொண்டே அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

"பெறந்த பிள்ளை எத்தனைம்மா?" என்றேன்.

"ரெண்டு சித்தப்பா."

"இருக்கிறது?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். மதினி சுவரைப் பார்த்தாள்.

"இல்ல சித்தப்பா."

பிள்ளை வெல்லக் கையை அவள் சேலையில் துடைத்தது. நான் பேனாவைத் தூக்கியபடியே அவரைப் பார்த்தேன். பத்து வருஷமாக "வரட்டும், வரட்டும்" என்று அவர் காத்திருந்தது இதற்குத்தான். அவர் கண்ணெதிரிலேயே, அவர் வீட்டிலேயே அது தப்பாக வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் சொன்னால் மகள் செத்துப் பிழைப்பாள். சொல்லாவிட்டால், "எத்தனைன்னு தெளிவாக் கேளு" என்று ஊருக்கெல்லாம் அவர் சொன்னதற்கு அர்த்தம் இல்லை.

அவர் குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னைய ஏன் பாக்குற? அவ சொன்னத எழுது" என்றார். பிறகு, நான் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்து, "அடுத்த வீட்லயும் தெளிவாக் கேளு. மறந்துறாத" என்றார்.

அடுத்த வீட்டுத் திரைக்கு வெளியே நின்று கேட்டேன். ராவுத்தரம்மாவுக்கு வயசாகிக் குரல் தளர்ந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை அல்லா கோபித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. விரல் மடக்கி எண்ணுகிற நேரம் ஆயிற்று.

"பெறந்தது ஏழு தம்பி. இருக்கிறது நாலு." நான் எழுதக் குனிந்தேன். "இருங்க, இருங்க. என்ன அவசரம்? எட்டு. பெறந்தது எட்டு, இருக்கிறது அஞ்சு. ஒண்ணு அந்த வீட்ல வளருதுல்ல."

நான் தெருவில் இறங்கியபோது அவர் தன் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன சொன்னாக?"

"எட்டு. இருக்கிறது அஞ்சு."

அவர் உதடு அசைந்தது. இரண்டும் எட்டும். ஒன்றுமில்லாததும் ஐந்தும். "கூட்டினா சரியா வருது மாப்ள" என்றார்.

அப்புறம் யுத்தம் நெருங்கி வந்தது. ஜனத்தொகை எண்ணிக்கை மட்டும் வந்து சேர்ந்தது. அவர் புதுத் தலைகளைக் கீழே போட்டு வகுத்தார். விகிதம் விழுந்தது. சுகாதார அதிகாரி பிள்ளைகள் குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டார். "சட்டை மாத்தியாச்சு சார்" என்றார் இவர். அதிகாரிக்கு அதுவும் புரியவில்லை.

அந்தப் புதுக் கேள்விக்கான எண்ணிக்கைக்கு மட்டும் அவர் காத்துக்கொண்டேயிருந்தார்; எண்ணினால் பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்று மதினி பயந்துகொண்டேயிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் எனக்குத்தான் முதலில் செய்தி தெரிந்தது. சொல்ல மனம் வரவில்லை. ஆபீஸில் சொல்லாமல், சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தூறல் நின்றிருந்தது. வாசலில் அவர் குடையை விரித்துக் காயப்போட்டிருந்தார். பிள்ளை அதற்கடியில் உட்கார்ந்து, உள்ளே தெரிகிற கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, பொம்பளைகளக் கேட்ட அந்தக் கேள்வி இருக்குல்ல. அதக் கூட்டலயாம். யுத்தச் செலவாம். சீட்டுகள அப்படியே கட்டிப் போட்டுட்டாகளாம்."

"எண்ணவே இல்லையா?"

"இல்லண்ணே."

"பெறகாச்சும்?"

"இனிமே எங்கண்ணே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆயிரத்துக்கு எம்புட்டு என்று ஏதாவது ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் குடைக்கடியில் இருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"உள்ள போ மாப்ள" என்றார். "ஒன் மதினிட்டச் சொல்லு. யாரும் எண்ணலயாம்னு சொல்லு. இன்னைக்காவது நிம்மதியாத் தூங்குவா."